வெள்ளந்தி ஹீரோவும் வேப்பமரத்து ஃப்ளெக்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமத்துக் காதல் படத்தின் க்ளைமாக்ஸை நேரில் பார்த்தேன். டிக்கெட் இல்லை, பாப்கார்ன் இல்லை. உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமத்து பஸ் ஸ்டாப்பில், உச்சி வெயிலில், நின்றுகொண்டே பார்த்தேன்.

ஹீரோயினை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில், கூட வேலை பார்க்கும் பெண்களோடு வாடகைக்கு இருக்கிறாள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் – என் கையே சாட்சி. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனால் திங்கள் காலை திரும்புவாள்.

ஹீரோ முத்துப்பாண்டி. செல்வியின் அத்தை மகன். அதாவது முறைப் பையன். ஆடு வளர்க்கிறான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தியில் சாம்பார் வாளி இவன் கையில்தான் இருக்கும். அசல் வெள்ளந்தி.

இவன் என்ன செய்தான்? சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றான். செல்வி இறங்கியதும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வீடு வரை வந்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரே ரசித்தது. 'பய எம்புட்டு ஆசையா இருக்கான் பாரு' என்றது.

தியேட்டராக இருந்தால் நானும் ரசித்திருப்பேன். கலைந்த தலை, மடித்துக் கட்டிய கைலி, அவளைப் பார்த்ததும் கண்மாய்க்குள் சைக்கிளை விடும் ஹீரோ... யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு ரொம்பவே பிடிக்கும். இப்போதும் டிவியில் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால், போன சனிக்கிழமை செல்விக்குப் பிறந்த நாள். டூட்டி இருந்ததால் ஊருக்குப் போகவில்லை. நம் ஹீரோ சும்மா இருப்பானா? மதுரைப் பக்கத்துக்காரன் சந்தோஷம் வந்தால் என்ன செய்வான்? ஃப்ளெக்ஸ் அடிப்பான்!

பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில் கட்டிவிட்டான். யாரோ வீட்டுக் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த செல்வி ஒரு பக்கம். கூலிங் கிளாஸ் போட்ட முத்துப்பாண்டி மறுபக்கம். கீழே வரிசையாக நண்பர்களின் தலைகள். 'எங்கள் ஊர் தேவதைக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். இவண்: உயிருள்ள வரை காத்திருக்கும் உன் மச்சான்.'

அன்றைக்கே செல்வியின் அப்பா போன் செய்துவிட்டார். "ஊரே பாத்துருச்சு தாயி. இனி என்ன யோசனை? தை மாசம் கல்யாணத்த முடிச்சிருவோம். நீ வேலைய விட்டுட்டு வந்துரு."

அவ்வளவுதான். படித்த படிப்பு, பார்த்த வேலை – எல்லாம் ஒரு ஃப்ளெக்ஸோடு முடிந்தது.

செல்வி அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். வந்தாள், அழவில்லை. "அக்கா, நாளைக்கு என்கூட ஊருக்கு வாரீங்களா? பக்கத்துல ஒரு ஆளு நின்னாப் போதும்."

"நான் என்னம்மா பேசணும்?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

வாராவாரம் இந்தப் பத்தியில் பேசியே பிழைக்கிற எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வாயை மூடிக்கொண்டு போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். மரத்தடியில் முத்துப்பாண்டி நின்றான். டீக்கடை பெஞ்ச் நிறைய ஆட்கள். செல்வி வருவது தெரிந்து அவள் அப்பாவும் வந்திருந்தார். செல்வி நேராக ஹீரோவிடம் போனாள்.

"மச்சான், யாரக் கேட்டு என் போட்டோவப் போட்ட?"

அவனுக்கு முகமெல்லாம் வெட்கம். "நீதான் சரின்னுட்டியே செல்வி..."

"நானா? எப்ப?"

"பின்னாடி வாரப்பெல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டே போனியே?"

"தெரு பூராம் மாட்டுச் சாணி. மிதிக்காமப் போகணும்ல?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டுக்க. நீ நல்லவன்தான். முறை மாறாது, எப்பவும் மச்சான்னுதான் கூப்பிடுவேன். ஆனா கட்டிக்க மாட்டேன். கட்டுன ஃப்ளெக்ஸ நீயே அவுரு."

முத்துப்பாண்டி அழுதுவிட்டான். நடிப்பில்லை, நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதான். எனக்கும் பாவமாக இருந்தது. பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், "பாவம்ப்பா பய..." என்றார். உடனே எல்லோரும் செல்வியைப் பார்த்தார்கள். ஹீரோ அழுதாகிவிட்டது, இனி ஹீரோயின் மனசு மாற வேண்டியதுதானே பாக்கி? எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்!

எனக்குக் கோபம் வந்தது. வேலை போகப்போகிறது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவள் இவள். இவளைப் பார்த்து 'பாவம்' என்று சொல்ல அந்த பெஞ்சில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. வெள்ளந்தியாக இருப்பது நல்ல குணம்தான். அதற்காக அவனுடைய அப்பாவித்தனத்துக்கு அடுத்தவள் ஏன் வாழ்க்கைப்பட வேண்டும்? அவன் கண்மாயில் விழுந்தால் அது காமெடி. இவள் வேலையை விட்டால்...?

செல்வி டீக்கடைக்குப் பின்னால் கிடந்த ஏணியை இழுத்து வந்தாள். மரத்தில் சாய்த்தாள்.

"அழுது முடிச்சிட்டு ஏறு மச்சான். அவசரமில்ல. நான் ஏணியப் புடிச்சுக்கிறேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினான். கயிற்றை அவிழ்த்தான். அவன் இறங்கும் வரை செல்வி ஏணியை விடவில்லை.

அவள் அப்பா தோள் துண்டை எடுத்தார், உதறினார், திரும்பப் போட்டார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில டூட்டியா?"

"ஆமாப்பா."

"அப்ப மொத பஸ்ஸுக்கே கெளம்பிரு. ரெண்டாவது பஸ்ஸு கூட்டமா வரும்."

கிராமத்துக் காதல் படம் எடுக்கப்போகும் டைரக்டர்களே, இந்த க்ளைமாக்ஸை எடுங்கள்... முதல் நாள் முதல் ஷோ, முதல் விசில் என்னுடையது!