பெயர் எழுதாத டப்பா

மொஷாஹித் அலியின் மூக்கு செத்துப்போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியும், அவர் மனைவி ரொகேயாவுக்குத் தெரியும். அவர் சமைக்கும் சுர்மா தந்தூரி கடையில் யாருக்காவது தெரிந்தால் அடுப்பு அவர் கையைவிட்டுப் போய்விடும்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரிந்த பாலை அவர் மடக் மடக்கென்று குடித்த அன்று ரொகேயா கண்டுபிடித்தாள். டாக்டர், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். "இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டாள். அதன்பிறகு அவள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடுப்பருகே போய் கேஸ் நாற்றம் வருகிறதா என்று பார்த்தாள். அவர் சட்டைகளைத் துவைக்குமுன் முகர்ந்து பார்த்தாள். இரண்டையும் அவருக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டாள்.

அவர் பத்தொன்பது வயதில் சில்ஹட்டிலிருந்து கடல் கடந்து வெள்ளைக்காரர் நாட்டு ரோச்டேலுக்கு வந்தவர். நான்கு வருஷம் வெங்காயம் உரித்தார். பிறகு தந்தூரி அடுப்பு, பிறகு தலைமைச் சமையல்காரருக்கு இரண்டாம் ஆள். அகப்பை கைக்கு வரப் பதினோரு வருஷமானது. அதைப் பிடித்து இப்போது இருபத்தெட்டு வருஷம். அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது மட்டும்தான் இந்த ஊரில் தனக்கு ஓர் இடம் இருப்பதாக அவருக்குத் தோன்றும். மழையில் நடந்து வீட்டுக்குப் போகிறவர் வேறு ஆள்.

வெள்ளைக்காரர்களுக்கான சாப்பாட்டில் மூக்குக்கு வேலை குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே வெங்காயக் குழம்பு. அதில் ரெண்டு அகப்பை, மிளகாய்த்தூள் ஒரு கரண்டி என்றால் மெட்ராஸ். ரெண்டு கரண்டி என்றால் விந்தாலு. தேங்காய்த்தூளும் சர்க்கரையும் போட்டால் கோர்மா. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை எண்ணிப் போட்டுவிடும். ஆபத்தெல்லாம் நாலரை மணிக்குத்தான். கடை திறக்குமுன் வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. அதற்குக் கரண்டிக் கணக்கு கிடையாது, மூக்குதான் கணக்கு.

"நீ ஆக்குடா இன்னிக்கு. உன் கை எப்படின்னு பாப்போம்" என்று இரண்டாம் ஆள் கபீரிடம் தள்ளிவிடுவார்.

"தினமும் பாக்குறீங்களே சாச்சா, இன்னும் பாத்து முடியலையா?" என்பான் கபீர். அவனுக்கு அந்த அடுப்பின் மேல் ஒரு கண் இருந்தது. அவன் வயதில் இவருக்கும் இருந்ததுதான்.

நான்காம் மேஜைக்காரர் ரொனால்ட் என்ட்விசில். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷமாக புதன்கிழமை ஆறு மணிக்குத் தனியாக வருவார். ஆட்டுக்கறி தான்சாக், ஒரு நான் ரொட்டி, அரை கிளாஸ் பீர். பருப்பும் புளிப்பும் லேசான இனிப்புமாக இருக்கும் அந்தத் தான்சாக்கைத் தவிர வேறொன்றை அவர் கேட்டதில்லை. போகும்போது அடுக்களைக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டுவார்.

"உயிரோட இருக்கியா பாஸ்?"

"இருக்கேன் பாஸ். நீங்க?"

"ஏதோ."

அவ்வளவுதான் அவர்கள் சிநேகிதம். ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ரொனால்ட் இறந்துபோனார். கடைப்பக்கம் ஒருநாளும் வந்திராத அவர் மனைவி ஆட்ரி போன் செய்தாள். எரியூட்டல் முடிந்து பதினெட்டுப் பேர் வருவார்கள். எல்லாருக்கும் அவர் சாப்பிட்டதே வேண்டும். நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் கடை விடுமுறை. ஆனாலும் முதலாளி லுத்ஃபுர் சரி என்றார். கறுப்பு டை கட்டிக்கொண்டு எரியூட்டலுக்கும் போனார். கபீர் பர்மிங்ஹாமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். சர்வர் ஜுனேத் முன்னால் மேஜைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அடுக்களையில் மொஷாஹித் அலி தனியாள்.

அவர்கள் அடுக்களையில் எந்த டப்பாவிலும் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. மாங்காய்ச் சட்னி வந்து காலியான வெள்ளை டப்பாக்களில்தான் எல்லாம் இருக்கும். திறந்தால் மூக்கு சொல்லிவிடும். எழுதி ஒட்டுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். மொஷாஹித் அலி இத்தனை மாதமாக டப்பா இருக்கும் இடத்தை வைத்தே கண்டுகொண்டிருந்தார். வறுத்து அரைத்த வெங்காய விழுது இருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. புளிக்கவைத்த கருவாட்டை மிளகாயோடு வதக்கி அரைத்த விழுது. விடுமுறை நாளில் வேலையாட்கள் தங்களுக்கென்று ஆக்கிக்கொள்வது. செவ்வாய்க்காகக் கபீர் திங்களன்றே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதே பழுப்பு நிறம், அதே மாதிரி மேலே மிதக்கும் எண்ணெய்.

மொஷாஹித் அலி வெங்காய விழுது என்று நினைத்து அதிலிருந்து மூன்று அகப்பை அள்ளித் தான்சாக் சட்டியில் போட்டார். புகைபோக்கி விசிறி இரைந்தது. என்றைக்கும்விட அன்று பொறுமையாக வதக்கினார். கறியை நாக்கில் வைத்து, தனக்கு இன்னும் தெரிகிற உப்பையும் புளிப்பையும் மட்டும் பார்த்தார். உப்பு ஓர் இழை கூட. எலுமிச்சை இன்னும் இரண்டு பிழிந்தார். சரியாக வந்துவிட்டதாக நினைத்தார். பாத்திரங்களில் ஊற்றி மூடிபோட்டார்.

குடைகளோடு தெருவில் நின்று ஆட்களை அழைத்துவந்த ஜுனேத், உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தான். நமக்கான சட்டி பின்னால் எங்கோ கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னான். மூடிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனான்.

கதவின் வட்டக் கண்ணாடி வழியே மொஷாஹித் அலி பார்த்தார். மூடிகள் திறந்தன. ஒரு கிழவி கைக்குட்டையை முகத்துக்குக் கொண்டுபோனாள். அடுத்திருந்த பெரியவரும் அப்படியே செய்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். பாவம், துக்கத்தில் சோறு இறங்கவில்லை என்று அவர் நினைத்தார். அவர்கள் நடுவில் ஒல்லியான ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கரண்டியை எடுத்தார்கள்.

லுத்ஃபுர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். டப்பாவை எடுத்துத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன எழவைய்யா போட்டீங்க? ஹால் பூரா கருவாடு! எடுத்துடலாம்னு பாத்தா அந்தம்மா விடமாட்டேங்குது. அவர் சாப்பிட்டது, சாப்பிடணும்னு எல்லாரையும் திங்க வைக்குது."

மொஷாஹித் அலி டப்பாவைப் பார்த்தார். மூக்குக்குள் வெறும் குளிர் மட்டும் போய்வந்தது.

"சளி பாய். மூணு நாளா மூக்கடைப்பு."

"சளியாம் சளி! சொல்லித் தொலைக்கறதுக்கு வாய்க்கும் அடைப்பா? தலைகுனிய வெச்சுட்டீங்களே." லுத்ஃபுர் டையைத் தளர்த்திக்கொண்டார். கோபம்தான், ஆனால் நம்பிவிட்டார். தப்பித்தாயிற்று என்று மொஷாஹித் அலிக்கு மூச்சு வந்தது.

கதவு திறந்தது. அந்த ஒல்லியான பெண்மணி தலையை நீட்டவில்லை. முழுதாக உள்ளே வந்தாள்.

"நீதானா கண்ணு சமையல்? நான் ஆட்ரி. ரொனால்டோட பொண்டாட்டி."

"ஆமாம்மா. அவர் ரொம்ப…"

"புதன் தவறாம வருவார். வீட்டுல நான் பண்ணினது அப்படியே இருக்கும். ஒருதடவைகூட நான் கூட வந்ததில்ல. அப்படி என்னதான் திங்கறார்னு இன்னிக்காவது பாத்துடலாம்னு வந்தேன்." கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள். "தட்டைக் காலி பண்ணிட்டேன். வயித்தைப் புரட்டுது. இதுவா நான் ஆக்கினதைவிட அவருக்குப் பெருசா இருந்துச்சு?"

லுத்ஃபுர் வாயைத் திறப்பதற்குள் மொஷாஹித் அலி சொல்லிவிட்டார்.

"இது அவர் சாப்பிட்டது இல்லம்மா. டப்பா மாறிப்போச்சு. இது எங்களுக்காக வெச்சிருந்த கருவாடு." டப்பாவை மூடினார். "சளி இல்ல. எனக்கு வாசனையே தெரியாது. பதினாலு மாசமாச்சு. எண்ணி எண்ணித்தான் போடறேன்."

லுத்ஃபுர் பக்கம் அவர் திரும்பவில்லை.

ஆட்ரி மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டாள்.

"போன வருஷமா?"

"ஆமாம்மா."

"போன கோடையில ஒருநாள் வந்து சொன்னார், தான்சாக் முன்ன மாதிரி இல்லேன்னு. அப்ப எதுக்குப் போறீங்க, வீட்டுல தின்னுங்களேன்னேன்." அவள் குரல் தாழ்ந்தது. "'நான் போகலேன்னா அந்த ஆள் என்ன நினைப்பான்'னார்."

அவள் போன பிறகும் லுத்ஃபுர் நின்றுகொண்டிருந்தார். "பதினாலு மாசம்…" என்றார். பிறகு, "கேஸ் அடுப்புக்கிட்ட நிக்கற ஆளுய்யா நீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. மொஷாஹித் அலி கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

மறுநாள் புதன். எல்லா டப்பாவிலும் கபீர் தடித்த பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்தான். அடுப்புக்கு முன்னால் அவன் நின்றான். ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகு கிண்டல் அவனுக்கு வரவில்லை. "இங்க உக்காருங்க சாச்சா" என்று பின்கதவருகே ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பக்கத்தில் வெங்காய மூட்டை.

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கை மறந்திருக்கவில்லை. தலையை வெட்டி, வாலை வெட்டி, தோலை ஒரே இழுப்பில் உரித்தார். மூக்குக்குத் தெரியாத வெங்காயம் கண்ணுக்குத் தெரிந்தது; நீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

ஆறு மணிக்குக் கதவு தள்ளப்பட்டது. அவர் நிமிர்ந்தார்.

ஜுனேத்தான். "நாலாம் மேஜை, ரெண்டு பேர், ரெண்டும் கோர்மா."

கபீர் அகப்பையை எடுத்தான். மொஷாஹித் அலி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.