சவுக்கு மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

சீனச் சண்டை நடந்த வருஷம் நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அம்மா பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். அதனால் பொன்மலையில் எதைப் பார்த்தாலும் ஸ்ரீரங்கத்தோடு ஒப்பிட்டு ஒரு படி கீழே இறக்கித்தான் பேசுவாள். தண்ணீர், கத்திரிக்காய், மனிதர்கள், எதற்கும் விலக்கில்லை. எனக்கு அப்போது வயது ஒன்பதோ பத்தோ. எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை என்பதால், அவன் எனக்கு அண்ணன் என்பதைவிடச் சின்ன அப்பா மாதிரி இருந்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் சேர்ந்து வடகிழக்கே எங்கேயோ மலைமேல் போய்விட்டான்.

தீபாவளிக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குளிர் தாங்கவில்லை, கம்பளி கொடுத்திருக்கிறார்கள், யாரும் கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கார்த்திகையில் சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. அண்ணன் என்ன ஆனான் என்று சொல்லத்தான் யாருமில்லை. அப்பா எழுதிப் போட்ட கடுதாசிகளுக்கெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரே பதில் வந்தது.

எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். சம்பாதிப்பது அப்பா என்றாலும் வீட்டில் சட்டம் போடுவது அத்தைதான். அந்தக் கார்த்திகையில் அவள் புதுச் சட்டம் ஒன்று போட்டாள்.

"சேதி வராம யாரும் அழக்கூடாது. அழுதா அதுவே பலிச்சிடும். வெளக்கேத்தற வீட்ல பெத்தவ கண்ணுல தண்ணி வரவே கூடாது, சொல்லிட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மா கையிலிருந்து வெங்காயத்தைப் பிடுங்கித் தானே நறுக்க ஆரம்பித்தாள். அம்மா மூக்கை உறிஞ்சினால் சமையற்கட்டிலிருந்தே "என்ன அங்க?" என்று குரல் வரும். ஜலதோஷம் என்பாள் அம்மா. அந்தக் கார்த்திகை முழுவதும் அம்மாவுக்கு ஜலதோஷம்தான். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அத்தையைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. அண்ணனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் உயிரைத் தன் கட்டுப்பாட்டால் பிடித்து வைத்திருப்பதாக அவள் நிஜமாகவே நம்பினாள்.

அழக் கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது? அம்மா குறி கேட்க ஆரம்பித்தாள். அண்ணனுக்குப் பூச நட்சத்திரம். பூசத்துக்கு மரம் அரசு. எனவே பிள்ளையார் கோயில் அரசமரத்தைத் தினமும் சுற்றினாள். ஓர் அம்மன் சந்நிதியில் பூப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ இன்னொன்றிலுமாக மடித்துப் போட, என்னை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அம்மா முகத்தில் வந்த மலர்ச்சி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தாங்கியது. எதற்கும் இன்னொரு இடத்திலும் பார்த்துவிடலாமே என்று வேறொரு கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே என் கைக்குச் சிவப்பு வந்து தொலைத்தது.

நாலு வீடு தள்ளி துரைசானியம்மா இருந்தார். என்ஜின் டிரைவரின் விதவை. மகன் ரயிலில் கார்டாக இருந்ததால் குவார்ட்டர்ஸ் நீடித்தது. காலனியில் எல்லோரும் துரைசானி என்றுதான் சொல்வோமே தவிர, ரேஷன் கடை வரிசையில் அவரும் எங்களோடுதான் நிற்பார். அவருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து ரயில் பாதை போட வந்தவராம். அவர் கொண்டுவந்த குச்சிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. விரல் நீளம்தான் இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கத்தியால் வெட்டிய கோடுகள், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நாலு, சாய்வாக மூன்று என்று. பழைய காலத்தில் அந்தத் தேசத்தில் எழுத்தே அப்படித்தானாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மரம், ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பலன். கிறிஸ்துமஸ் சமயத்தில் சொந்தக்காரர்கள் கூடும்போது விளையாட்டாக எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தச் சங்கதி தெரிந்ததும் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். துரைசானியம்மா முதலில் மறுத்தார்.

"அய்யோ, இது சும்மா பார்ட்டி கேம். சிரிக்கிறதுக்கு. உன் பையன் விஷயம் இதுல கேக்காதே."

"மரத்த வெச்சுப் பலன் சொல்றது எங்களுக்கும் உண்டுங்க. எங்க சாமிங்க ஆளுக்கொண்ணு சொல்லுது. உங்க ஊரு மரம் என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்" என்றாள் அம்மா.

அம்மா ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். துரைசானியம்மா டின்னைக் குலுக்கி, குச்சிகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு நீட்டினார். அம்மா கண்ணை மூடி, ரங்கநாதரை வாய்க்குள் கூப்பிட்டு, ஒரு குச்சியை எடுத்தாள். அதன் விளிம்பில் குறுக்காக ஐந்து வெட்டுகள் இருந்தன. துரைசானியம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு இன்னொன்று எடுக்கிறாயா என்று கேட்டார்.

"ஒரு தடவ கேட்டா கேட்டதுதாங்க. என்ன மரம், சொல்லுங்க."

"இது யூ மரம்" என்றார். "சர்ச்சுக்குப் பக்கத்துல நிக்கும். எப்பவும் பச்சை. ஆயிரம் வருஷம் ஆனாலும் சாகாது, அப்படின்னு என் மம்மி சொல்லும்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் வருஷம் என்றதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அண்ணனுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், எண்பது போதும் என்று நினைத்துக்கொண்டேன். துரைசானியம்மா அயர்லாந்தைப் பார்த்ததில்லை, யூ மரத்தையும் பார்த்ததில்லை. பார்க்காத மரத்தைப் பற்றிப் பார்க்கப் போகாதவளுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து அம்மா கேட்டதைக் காவிரிக் கரைப் பெண்ணைத் தவிர வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அந்த மரத்துக்கு நான் எங்க போய்த் தண்ணி ஊத்தறது?"

துரைசானியம்மா திகைத்துவிட்டார். குச்சியை எடுத்தோமா, பலனைக் கேட்டோமா என்று போவதுதான் அவர்கள் வழக்கம். வந்த மரத்துக்கு வழிபாடு செய்ய வேண்டும் என்று அந்தக் குச்சிகளிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இந்த ஊரில் அது கிடையாது என்றார். அம்மா விடவில்லை. இலை எப்படியிருக்கும் என்று கேட்டாள். ஊசி மாதிரி என்றார். "அப்போ சவுக்கு மாதிரியா?" என்றாள் அம்மா. துரைசானியம்மா யோசித்து, மெல்லத் தலையாட்டினார்.

"எங்க கல்லறைத் தோட்டத்துல ஒண்ணு இருக்கு. பெரிய சவுக்கு. என் ஹஸ்பெண்ட் அங்கதான் இருக்கார். நான் சாயந்தரம் போவேன். உனக்கு வரணும்னா வா."

வீட்டில் பூகம்பம் வந்தது. கல்லறைக்கா, அதுவும் பிள்ளை உயிருக்கு வேண்டிக்கொண்டா என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். தீட்டு என்றாள். ஊர் சிரிக்கும் என்றாள். அம்மா எதிர்த்துப் பேசவில்லை, செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போகட்டும் விடுக்கா" என்றார். அக்காவின் சொல்லுக்கு எதிராக அப்பா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தால் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அத்தை இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் நாங்கள் மூன்று பேரும் போனோம். துரைசானியம்மா கையில் பூ, அம்மா கையில் செம்பு. என்னைக் கேட் பக்கத்திலேயே விளையாடச் சொல்வார்கள். அங்கே உதிர்ந்து கிடக்கும் சவுக்குக் காய்களைப் பொறுக்கித் தேர் கட்டுவது என் வேலை. துரைசானியம்மா கணவரின் கல்லுக்கு எதிரே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். அம்மா மூலையிலிருந்த மரத்தடிக்குப் போவாள். அது கிழட்டு மரம், வேர் எங்கெங்கோ ஓடியிருக்கும். ஒரு செம்புத் தண்ணீர் அதற்கு எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த ஒரு செம்பை ஊற்ற அம்மாவுக்கு இருட்டப் போகும்வரை நேரம் பிடிக்கும். மரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். சவுக்கு இலையில் காற்றுப் பட்டால் ஒரு சத்தம் வருமே, அது வந்துகொண்டேயிருக்கும். வேறு எதுவும் கேட்காது.

திரும்பும்போது அம்மாவின் கண் சிவந்திருக்கும். கேட்டால், மரத்திலிருந்து தூசி விழுந்துவிட்டது என்பாள். மரத்தடியில் நின்றால் தூசி விழத்தானே செய்யும்! கிணற்றடியில் மார்கழிக் குளிரில் குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொண்டு அவள் உள்ளே வரும்போது, முகமெல்லாம் தண்ணீராக இருக்கும். அத்தை விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒரு முறை உற்றுப் பார்ப்பாள். பிறகு திருப்தியாகிப் போய்விடுவாள். அம்மாவின் ஜலதோஷமும் எப்படியோ சரியாகிவிட்டது. அத்தனை குளிர் தண்ணீரில் ஜலதோஷம் எப்படிப் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு காலை தந்தி வந்தது. அப்பா படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அண்ணன் சண்டையின் தொடக்கத்திலேயே போய்விட்டான். நாங்கள் பூப் போட்டுப் பார்த்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அத்தை போட்ட சத்தத்தில் காலனியே கூடிவிட்டது. அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளிடமிருந்து வந்தது. மண்ணில் புரண்டாள், மாரில் அடித்துக்கொண்டாள், மயங்கி விழுந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து மாமா வீட்டார் வந்தார்கள்.

அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள். அத்தையின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். அப்பாவின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. "என்ன பொம்பளடி இவ? பெத்த வயிறா இது? கல்லு." அதைச் சொன்னவள் அம்மாவின் சொந்த அண்ணி.

துரைசானியம்மா கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றார். அழுதுகொண்டிருந்தார். அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மரம் சரியாத்தான் சொல்லிச்சு" என்றாள். "நீங்கதான் மாத்திச் சொன்னீங்க. எனக்கு அப்பவே தெரியும். நீங்க நல்லா இருக்கணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவரைக் குற்றம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆயிரம் வருஷம் என்று சொல்லி ஏமாற்றிவிட்ட துரைசானியம்மாவோடு அதற்குப் பிறகு நான் பேசவேயில்லை. அவரும் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அந்தத் தேசத்தில் யூ சாவைக் குறிக்கும் மரம் என்று வெகுகாலம் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன். அம்மாமீதும் எனக்குக் கோபம் இருந்தது. எனக்காவது அழுகை வந்ததே, இவளுக்கு ஏன் வரவில்லை என்று பல வருஷம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முந்தி, தந்தி வருவதற்கும் முந்தி, அவனுக்காக ஒருத்தி சாயங்காலம் சாயங்காலமாக அழுது முடித்திருந்தாள். நான் காய் பொறுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். கேட்ட சத்தத்தையெல்லாம் காற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.