பெக்கி செத்துப்போன அன்று

இரத்தினம்மாக்காவை அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ‘பெக்கி’ என்றால் போதும். தலையில் மீன்கூடை இருந்தாலும் உடம்போடு திரும்பி, “என்ன மனே?” என்பார். கூப்பிட்டவர் எழுபது வயதுக் கிழவரானாலும் அதே ‘மனே’தான், அவருக்கு மகன்தான். பத்து வருடத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரி வைத்த பெயர் தலைக்கேறிவிட்டது என்று எங்கள் ஊர் செட்டிபாளையம் தீர்ப்பு எழுதிவிட்டது. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, வேலைதான் இல்லை. எனவே ஆராய்ந்தேன்.

சுனாமி அவருடைய கணவரைக் கொண்டுபோன மூன்றாம் வாரம், பள்ளிக்கூட முகாமுக்கு ஹெலன் என்ற வெள்ளைக்காரி துக்கம் போக்க வந்தாள். அதற்கான கருவி ஒரு சிவப்புப் பந்து. வட்டமாக இருந்து, எதிரில் இருப்பவரின் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். ‘இரத்தினம்மா’வில் ஹெலனின் நாக்கு திரும்பத் திரும்பத் தடுக்கியது. எல்லாருடைய துக்கமும் வரிசையில் நிற்கிறதே, என்ன செய்வது? தன் சித்தியின் பெயரைத் தூக்கிக் கொடுத்தாள்: பெக்கி. முகாமே சிரித்தது. அதிகம் சிரித்தவன் அக்காவின் மகன் வினோஜன். அன்றிலிருந்து அவனுக்கு அம்மா பெக்கிதான்.

“இன்னொருக்காச் சொன்னியெண்டா வாய்க்குள்ள மொளகாத்தூள்தான்!” என்பார் அக்கா. அந்தக் காலத்தில் அந்தப் பெயருக்கு அவர் திரும்பியதே இல்லை.

என் ஆராய்ச்சி முடிவோடு போனேன். மார்கரெட் சுருங்கி மெக், அதைக் கொஞ்சி மெக்கி, பிறகு முதலெழுத்து மாறிப் பெக்கி. மூலம் கிரேக்கம், பொருள் முத்து.

“நான் பொறக்கக்குள்ளயே இரத்தினம். அவள் வந்து வெலையக் கொறச்சிட்டுப் போயிருக்காள்.”

“மறுகா ஏன் அந்தப் பேருக்குத் திரும்புறீங்க?”

மீனின் செதிலைச் சுரண்டியபடியே சொன்னார். இரண்டாயிரத்து ஒன்பது மாசி. சண்டைக்கென்று இயக்கம் கொண்டுபோன வினோஜன் அப்போது வன்னியில், யுத்தத்துக்குள். கடைக்காரர் கந்தப்போடிக்குத் தினமும் ஒரே பகிடி: “பெக்கி, லண்டன் போன்!” அன்றும் கடைக்குள்ளிருந்து, “பெக்கி, போன்!” என்று கூப்பிட்டார். கடைவாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா, “பெக்கி செத்துப் போயிட்டாள் எண்டு சொல்லு!” என்று கத்தினார்.

கந்தப்போடி வெளியே ஓடிவந்தார். “பகிடி இல்லகா! வினோஜன்! பெக்கி இருக்காவா எண்டு கேக்கிறான்!”

மீனைப் போட்டுவிட்டு ஓடினார். தொடர்பு அறுந்திருந்தது.

“நீங்க கத்தினது அவனுக்குக் கேட்டிருக்குமோ?” என்றேன். பட்டதாரி கேட்கிற கேள்வி.

“என்ட சத்தம் உனக்குத் தெரியாதா?”

வைகாசியில் யுத்தம் முடிந்தது. வினோஜன் வரவில்லை. அவன் இல்லை என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

போன மாரியில் இரத்தினம்மாக்கா இறந்தார். ஊர் குறை வைக்கவில்லை. சரியான பெயரைப் போட்டு, கறுப்பு வெள்ளையில் பதாகை கட்டியது. ‘என்ன மனே’ என்ற பதிலை அவர் ஊருக்கெல்லாம் கொடுத்துப் பார்த்தார். அதை வாங்க வேண்டியவனுக்கு மட்டும் கொடுக்காமல் போய்விட்டார்.