அண்ணி டாக்டர் தேடிய கதை

என் அண்ணிக்குத் தெருவில் 'நேராப் பாரு அக்கா' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். பத்தடி அகல அறை, வெள்ளைத் திரை, இரண்டு விளக்குகள், ஏற்றி இறக்கும் ஒரு ஸ்டூல். வந்து உட்காருகிறவருக்கு எந்தப் புருவம் ஏறியிருக்கிறது, உதட்டின் எந்தப் பக்கம் சோம்பல் என்பதெல்லாம் கேமராவைத் தொடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு விரலால் மோவாயை நகர்த்தி, "நேரா பாருங்க" என்பார். வேலை முடிந்துவிடும்.

ஊரார் முகத்தையெல்லாம் பார்த்தவர் தன் காதைக் கவனிக்கவில்லை. இடது காதில் போனை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை என்று போனை மாற்றினார். புதுப் போனும் ஊமையாகவே இருந்தது. பிறகு அந்தக் காதில் ஓயாமல் ஒரு விசில். மாடிப்படி இறங்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காது டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

இடது காதின் சமநிலை நரம்பில் கட்டி. மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அகூஸ்டிக் நியூரோமா என்றார் டாக்டர். "புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா மூளைத் தண்டை அழுத்த ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன்தான் நல்லது. ஒரு விஷயம், முகத்தை அசைக்கிற நரம்பு இதை ஒட்டியே போகுது. அது அடிபட்டா அந்தப் பக்கம் முகம் அசையாம போகலாம்."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த அண்ணி, "கண்ணு மூடுமா?" என்றார்.

"சில பேருக்கு மூடாது."

அன்று குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தவர், போட்டோ போட்டுக் கொடுக்கும் உறை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதத் தொடங்கினார்.

முதலில் அண்ணன் விசாரித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிக் கட்டடம், வாசலில் நீரூற்று. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பெயர் பெற்ற டாக்டர். ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க" என்றார்.

"இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கீங்க, சார்?"

"மூளை ஆபரேஷன் ஆயிரக்கணக்குல பண்ணியிருக்கேன்."

"அது சரிங்க. இந்தக் கட்டி?"

அவர் எழுந்து அடுத்தவரை வரச் சொன்னார். அண்ணனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. "பெரிய மனுஷர்கிட்ட இப்படியா கேக்கறது?"

"என் தலையைத் திறக்கப் போறவருங்க. இதைக் கூடக் கேக்கக் கூடாதா?"

அடுத்தவர் எங்கள் ஊரிலேயே இருக்கும் சர்ஜன், அண்ணியிடம் போட்டோ எடுத்துக்கொண்டவர். அரை மணி நேரம் படம் வரைந்து விளக்கினார். கடைசியில், "எனக்குப் பண்ணத் தெரியும்க்கா. ஆனா வருஷத்துக்கு ரெண்டோ மூணோதான் வருது. என் சொந்த அக்காவா இருந்தா எங்கிட்ட வெச்சுக்க மாட்டேன்" என்று சொல்லி, ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு பெண் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர்மேல் அண்ணிக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு அண்ணியே போன் செய்தார். "ஆபரேஷன் முடிஞ்சவங்க எல்லாம் திரும்பக் காட்ட எந்தக் கிழமை வருவாங்க?"

செவ்வாய்க்கிழமை என்றார்கள்.

"அப்ப எனக்கும் செவ்வாய்க்கிழமையே குடுங்க. கடைசி ஆளா."

போனோம். பெயிண்ட் உரிந்த கட்டடம், லிஃப்ட் ரிப்பேர். "செவுத்துக்கே வைத்தியம் பாக்க ஆளில்ல" என்று மூன்று மாடியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார் அண்ணன். அண்ணி எட்டு மணிக்கே வராந்தா பெஞ்சில் இடம் பிடித்து, வருகிற முகங்களையெல்லாம் பார்க்கத் தொடங்கினார். "சும்மா இருக்கும்போது தெரியாது. சிரிச்சாத்தான் தெரியும்" என்று என் காதில் சொன்னார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "லிஃப்டையும் அட்மிட் பண்ணிட்டாங்க போல" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அண்ணி உதட்டையும் கண்ணையும் பார்த்தார். பிறகு கூச்சமில்லாமல் விசாரித்தார்.

மதியத்துக்குள் பதினாலு பேர். பதினோரு பேர் சிரிப்பு ஒழுங்காக இருந்தது. இரண்டு பேருக்கு ஓரம் லேசாக இழுத்தது. ஒருவருக்கு மட்டும் இடது பாதி அசையவே இல்லை. பஸ் கண்டக்டர். மூடாத கண்ணில் களிம்பு பளபளத்தது. அண்ணி எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கட்டி ரொம்பப் பெருசும்மா. முகம் போகலாம்னு முன்னாடியே சொன்னாங்க, போயிருச்சு. மறுநாள் காலைல டாக்டரம்மாவே வந்து உக்காந்து, 'எவ்வளவோ பாத்தேன், முடியல'ன்னாங்க. எட்டு மாசமாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட என்னை அவசரமா அனுப்பல."

"மறுபடியும் பண்ணணும்னா யார்கிட்டங்க போவீங்க?"

"இவங்ககிட்டதான். வேற யார்கிட்ட?"

எங்கள் முறை வந்தபோது, ஒரே மேஜையில் அந்த டாக்டரும் ஒரு காது சர்ஜனும் இருந்தார்கள். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். "வராந்தால ஒருத்தங்க எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டிருக்காங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நீங்கதானா?" என்றார்.

அண்ணி உறையை எடுத்தார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வருஷத்துக்கு நாற்பது, இருவரும் சேர்ந்தே செய்வது. முகநரம்பைக் கருவியின் முனை நெருங்கினால் சத்தம் கொடுக்கும் ஒரு மெஷின் கடைசிவரை ஓடும்.

"முழுசா எடுத்துடுவீங்களா, டாக்டர்?"

"நரம்போட பிரிக்க முடியாம ஒட்டியிருந்தா அங்க மட்டும் துளி விட்டுடுவேன். ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம். கட்டியை முழுசா எடுக்கறேன்னு உங்க முகத்தை எடுத்துடக் கூடாதில்ல?"

"காது?"

"அந்தக் காது கிடைக்காது. அதுல நான் ஆசை காட்ட மாட்டேன்."

படியிறங்கும்போது அண்ணன் மறுபடி கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றி ஆரம்பித்தார். அண்ணி கைப்பிடியைப் பிடித்து நின்றார். "அங்க யாரோட முகத்தையும் என்னால பாக்க முடியலைங்க. இங்க மோசமா போனவரையும் பாத்துட்டேன்." அண்ணன் கீழே போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினார்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம் நடந்தது. கைகழுவும் முறையைச் சொல்லும் போஸ்டரை அண்ணன் மனப்பாடமே செய்துவிட்டார். டாக்டர் வந்து, அரிசி மணியளவு கட்டியை நரம்பிலேயே விட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சொன்னபடியே அந்தக் காது போயிற்று. முகம் இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் இடது பக்கம் தளர்ந்தது. நரம்பு வீங்கியிருக்கிறது, வடிந்தால் திரும்பும் என்றார் டாக்டர். அண்ணி கண்ணாடி கேட்டு வாங்கி, வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"புருவம் பாதி. உதடு பாதி. கண்ணு முக்கால் மூடுது. எழுதிக்கோ."

தினமும் எழுதினேன். உடம்பு சாயாமலிருக்க, வராந்தாவின் தரைக்கல் கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடை பழகினார். ஒருமுறை விழுந்தார், நல்லவேளையாக என் மேலேயே. ஐந்தாம் மாதம் புருவம் முழுதாக ஏறியது. களைத்துப் போனால் மட்டும் உதட்டோரம் இப்போதும் கொஞ்சம் பின்தங்கும்.

போன மாதம் இரண்டாம் வருஷ ஸ்கேன் முடிந்தது. அரிசி மணி வளரவில்லை. அன்று மாலையே ரயிலைவிட்டு இறங்கி ஸ்டூடியோவைத் திறந்தார், ஒரு கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் போட்டோ வேண்டியிருந்ததால். குழந்தையைத் தரையில் வெள்ளைத் துணியில் கிடத்தி மேலிருந்து எடுக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். அதுவோ நல்ல தூக்கத்தில் இருந்தது. அண்ணி காலை அகட்டிக் குனிந்து நின்றார். சாய்ந்துவிடாமல் அண்ணன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்பட்டுமா அக்கா?" என்றாள் தாய்.

"வேணாம்மா, தானா எழுந்திரிக்கட்டும்" என்றார் அண்ணி, கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.