பாக்கியத்துக்கு நான் சொல்லாத பதில்

“டீச்சர், நா உள்ள இன்னா தப்பா சொன்னேன்?”

எட்டு வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த பள்ளியின் கேட்டுக்கு வெளியே நின்று பாக்கியம் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பட்டியலை அன்று காலைதான் ஒட்டியிருந்தோம். அவர் மகள் விமலாவின் பெயர் அதில் இல்லை. நான் ஒரு பதில் சொன்னேன். அது பொய். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் கை அந்த இடத்துக்குத்தான் முதலில் போகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாக்கியத்தின் பக்கத்து வீட்டுக் காஞ்சனா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “பாக்கியக்கா பூட்டாங்க டீச்சர்” என்றார். மஞ்சள் காமாலை என்று பத்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். நாளை போகலாம், நாளை போகலாம் என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன். முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு எட்டு வருடமாகவே சுலபமாக இல்லை.

நேரில் அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சிறியவர். எழுதும்போது அப்படி எழுத வரவில்லை.

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இந்த ஸ்கெலட்டன் லைன்களில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் ஆறுமுகம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் கீழே இறங்கி வேலை செய்தவர். பாக்கியம் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் எந்தப் பள்ளியில் என்றைக்கு ஃபாரம் கொடுப்பார்கள், பிறந்த தேதிக்குச் சான்று இல்லாவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும், கன்னடம் எழுதத் தெரியாத பிள்ளை எந்த வகுப்பில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு மூங்கில் தட்டிக்கு வெளியே பாய் விரித்திருக்கும். பெற்றோர்கள் வந்து உட்கார்ந்து அவரவர் வீட்டுச் சங்கடங்களைக் கொட்டுவார்கள்.

நான் முதன்முதலில் அந்தப் பக்கம் போனது சந்தைக்குப் போய்த் திரும்பும்போதுதான். ஒரு தாய் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “நைட் ஷிஃப்ட்டு போற மனுசன், சாயங்காலம் ஒரு தூக்கம் போடறாரு. புள்ள வாய் உட்டுப் படிச்சா செருப்பு பறந்து வருது.”

“ஒங்க ஊட்ல செருப்புதானே, எங்க ஊட்ல சொம்பு” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. “இந்த வாரம் யார் ஊட்ல செகண்ட் ஷிஃப்ட்டு? கைய தூக்குங்க” என்றார். நாலைந்து கைகள் எழுந்தன. “அப்ப சாயங்காலம் உங்க ஊட்ல ஆம்பள இல்ல. நைட் ஷிஃப்ட்டு ஊட்டுப் புள்ளைங்க அங்க போய் கத்திப் படிக்கட்டும். அடுத்த வாரம் ஷிஃப்ட்டு மாறும், ஊடும் மாறட்டும். தூங்கறவங்க ஒரு ஊட்ல, படிக்கிறவங்க ஒரு ஊட்ல. அவ்ளோதானே?”

அவ்வளவுதான். அந்த ஏற்பாடு சுரங்கம் மூடும்வரை நடந்தது. முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த நான், ‘வீட்டில் படிப்பதில்லை’ என்று எத்தனையோ ரிப்போர்ட் கார்டுகளில் எழுதியிருக்கிறேன். வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அட்மிஷன் நாட்களில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. பெற்றோரையும் பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் அல்லவா? வெளியே வருகிறவர் நேராக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பள்ளிச் சுவரோரம் காத்திருக்கிறவர்களிடம் வந்து, என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னார், அவர்கள் முகம் எப்படி இருந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். “உள்ள போய் வந்தவங்க வெளிய கீறவங்களுக்குச் சொல்லிட்டு அப்பால ஊட்டுக்குப் போங்க” என்பார். சொல்லாமல் நழுவப் பார்த்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் உண்டு.

அந்த வருடம் பெற்றோரைப் பார்க்கும் அறையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஃபாரத்தில் குறிப்பு எழுதுவது என் வேலை. முதலில் வந்தவர் காஞ்சனா. “எதற்காக இந்தப் பள்ளி?” என்று தலைமையாசிரியை கேட்டார். காஞ்சனா கை கட்டி நின்று சொன்னார்: “இவங்க நைனா கேஜில எறங்கி இருட்டுல வேல செய்றாரு மிஸ். புள்ளயாவது வெளிச்சத்துல ஒரு வேலைக்குப் போவணும்.” தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடனே ஃபாரத்தில் டிக் போட்டார்.

இரண்டாவது தாயும் அதையே சொன்னார். மூன்றாவது தாயும் அதையே சொன்னார். நான்காவதாக வந்தவர் தையல்காரர் பெருமாள். அவரும் கை கட்டிக்கொண்டார். “நா டெய்லி கேஜில எறங்கி இருட்டுல வேல செய்றேன் மேடம்.”

தலைமையாசிரியை ஃபாரத்தைப் பார்த்தார். தொழில், தையல் என்று இருந்தது. “எந்த ஷாஃப்டில் இறங்குகிறீர்கள்?” என்றார்.

பெருமாள் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “ஊசி கீழ விழுந்தா மெஷினுக்கு அடியில எறங்குவேன் மேடம். அங்க இருட்டாத்தான் கீது.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. வெளியூர்க்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. “என்ன நடக்கிறது இங்கே?” என்று என்னைக் கேட்டார். இந்த ஊரில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? சொன்னேன். “லைனில் பாக்கியம் என்று ஒருத்தி இருக்கிறாள். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள்.”

“அப்படியென்றால் இனிமேல் இந்தப் பதிலைச் சொல்கிறவர்களின் ஃபாரத்தில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள்” என்றார் அவர். சிவப்புப் பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்.

மதியத்துக்குள் ஏழு ஃபாரங்களில் கோடு போட்டேன். பெருமாளுடையது முதலாவது. வெளியே போனவர்கள் சுவரோரம் நின்று, இதைத்தான் சொன்னோம், மிஸ் தலையாட்டினார்கள் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

கடைசியாக பாக்கியம் வந்தார். தொலைவிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் வரிசையில் தன் இடத்தை விட்டுக்கொடுத்துக் கடைசியாகிவிட்டார். இஸ்திரி போட்ட கவுனில் விமலா. ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. நான் வேறு கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கலாம். விமலாவிடம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியையிடம் குனிந்து, ‘இவர் கணவர் உண்மையிலேயே கீழே இறங்குகிறவர்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதில் சொல்லிக்கொடுக்கிறவள் இவள்தான் என்று தெரிந்துவிட்டால் பேச்சு நீளுமே, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதே என்று பேசாமல் இருந்தேன். பாக்கியம் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் கோட்டைப் போட்டேன். பென்சிலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் பட்டியல் ஒட்டிய பிறகுதான் கேட்டில் அந்தக் கேள்வி. “நா உள்ள இன்னா தப்பா சொன்னேன்?”

“தப்பு ஒன்றும் இல்லைம்மா. சீட்டு முடிந்துவிட்டது” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. “அப்ப நா சொல்லிக்குடுத்தது தப்பில்லயே? என்னாலதான் எல்லா புள்ளைங்களுக்கும் போயிடுச்சோன்னு சோறு எறங்கல டீச்சர்” என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருமாளின் வீட்டுக்கும், மற்ற வீடுகளுக்கும் நடந்து போய், “டீச்சரே சொல்லிட்டாங்க, சீட்டுதான் இல்லியாம்” என்று ஆறுதல் சொன்னார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கணக்கைத் தப்பாகப் போட்டுவந்த பிள்ளையிடம், ‘உன் கணக்கு சரிதான், சிலேட்டில்தான் இடமில்லை’ என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? நாளைக்கும் அதே தப்பைத்தான் போட்டுவரும். வகுப்பில் ஒரு பிள்ளையிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. பாக்கியத்திடம் சொன்னேன். மறு வருடம் அவர் அதே வாக்கியத்தை இன்னும் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார். மறு வருடமும் சிவப்புப் பென்சில் என் கையில்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் அவர் தானாகவே நிறுத்திவிட்டார். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார், வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார். வந்தவர்களிடம், “நா இனிமே பதில் சொல்லித்தர மாட்டேன். அவங்கவங்க ஊட்டுக் கதைய அவங்கவங்க வாயால சொல்லுங்க” என்றார். பிறகு டீயை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் ஒரே பதில சொன்னா யாரு டீச்சர் நம்புவாங்க? எனக்கு அது புரியறதுக்கு ரெண்டு வருசம் ஆயிடுச்சு பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களே.”

நான் தலையாட்டினேன். டீயைக் குடித்தேன். அவர் வெள்ளை மனதோடு சொன்னாரா, எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியவே தெரியாது என்று நம்பத்தான் விரும்பினேன். அதன் பிறகு ஐந்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளை வளர்ப்பதைப் பற்றி லைனில் இருக்கும் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் கூட்டம் அதிகமில்லை. சுரங்கம் மூடியதிலிருந்து பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் காலை ரயிலிலேயே போய்விட்டார்கள், செய்தி தெரிந்து மாலைதான் வந்தார்கள். ஆறுமுகமும் அந்த ரயிலில்தான் போயிருந்தார், செய்தி கேட்டு வழியிலேயே பங்காருபேட்டையில் இறங்கித் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். காஞ்சனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய பேச்சில் அந்த அட்மிஷன் வந்தது.

“அந்த வெளிச்சத்துல வேலைன்னு நா சொன்னேனே டீச்சர், அது எம் பேச்சு இல்ல” என்றார். “மொத நாள் எனக்கு ஒண்ணுமே வர்ல. அக்கா கேட்டாங்க, எதுக்கு இந்த ஸ்கூலு, நீயே சொல்லுன்னு. முழிச்சேன். அவங்களே சொன்னாங்க. நா எங்க விமலாவுக்குன்னு இதான் நெனச்சு வெச்சுக்கீறேன், வேணும்னா நீ சொல்லிக்கோன்னாங்க. உங்களுக்கு வோணாமான்னு கேட்டேன். அதுக்கு இன்னா, சொன்னா தேய்ஞ்சா பூடும்னு சிரிச்சாங்க.”

தன் மகளுக்காக அவர் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. லைன் முழுவதற்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கடைசியாக அவர் கொண்டுவந்தார். அதன் மேல்தான் நான் கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விமலாவைப் பார்க்கப் போனேன். இப்போது அரசுப் பள்ளியில் கன்னட மீடியத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள், அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நான் வரவில்லை. அவள் ஸ்டவ்வில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தையல்காரர், சிரிப்பு, பென்சில், கேட்டு, டீ. ஒன்றையும் விடவில்லை. முடித்ததும், “இத அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் டீச்சர்” என்றாள். பிறகு கஞ்சி வடிக்கத் திரும்பிக்கொண்டாள்.

பெருமாளின் வீட்டுக்கும் போனேன். மற்ற வீடுகளில் சிலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இது அவர்கள் கண்ணில் பட்டால், அந்த இரண்டு வருடங்களில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னதற்காகத்தான் நான் கோடு போட்டேன், உங்கள் பிள்ளையில் குறை இல்லை, சீட்டும் முடிந்திருக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பாக்கியத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் வழக்கத்தைத்தான். உள்ளே போய் வந்தவர் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தாய்மார்கள் அதைத் தவறாமல் செய்தார்கள். அந்த அறைக்குள்ளேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த நான் ஒரு முறையும் செய்யவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன், எட்டு வருடமாகப் போனேன்.

உங்களிடம் காரணம் கேட்டு வந்த ஒருவரை நீங்களும் எப்போதாவது ‘இடமில்லை’ என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். இந்த வாரம் அவர் வீட்டுக்கு நடந்து போய், உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.