மனிசன் படுத்திருக்குது

"பகலிலை படுக்கக் கூடாது ஐயா. பகலிலை படுத்தா இரவிலை நித்திரை வராது" என்று அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருநகர்க் கரையிலிருந்து நாற்பது வருடமாக இரவெல்லாம் கடலில் வலை போட்டு, பகலில் மட்டுமே படுத்தெழும்பிய மனிதரிடம் சொல்லுகிற கதையா இது? "அப்ப நான் எப்பயம்மா படுக்கிறது?" என்று அவர் பணிவாகத்தான் கேட்டார். அவள் நல்ல பிள்ளை. நித்திரைக்கு அரைக் குளிசை எழுதித் தந்தாள். பின்னேரம் தேத்தண்ணி வேண்டாம், படுக்கப் போகும்போது போன் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள். அப்பாவிடம் போனே இல்லை.

அம்மா செத்து இரண்டு மாரிமழை போய்விட்டது. அதிலிருந்துதான் அப்பாவுக்கு நித்திரை இல்லை. இரவிலும் இல்லை, பகலிலும் இல்லை. எண்பதைத் தாண்டிய உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? சேர்ட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அம்மாதான் போய்விட்டார், இவரையாவது கொஞ்சக் காலம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன்.

குளிசை வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு மில்லடியில் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அரைபடும் வாசனை வந்தது. அடக் கடவுளே என்று நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை நித்திரையால் எழுப்பியது அந்த வாசனைதான். அவர் காலையில் கடலால் வந்து, மீனைக் கொடுத்து, வலையைப் பார்த்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க மத்தியானமாகிவிடும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பினால்தான் பொழுதுபட முதல் வள்ளத்தில் ஏறலாம். தொட்டு எழுப்ப அம்மா விடமாட்டார். "திடுக்கிட்டு எழும்பினா அண்டைக்கு முழுக்க நெஞ்சிடிக்கும்" என்பார். மல்லிக் கோப்பியை ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு விலகி நிற்பார். முதலில் மூக்கு எழும்பும், பிறகுதான் ஆள் எழும்புவார். ஒரு நாளும் அவர் கரைக்குப் பிந்திப் போனதில்லை. வீட்டில் மணிக்கூடு இல்லாமலில்லை. அடித்துத் தொலைக்கிறது என்று அம்மா அதை நிற்பாட்டி வைத்திருந்தார்.

மணிக்கூட்டோடு விட்டாரா? விடியக் கூவிய சேவல் பகலிலும் கூவியது, கறியாகிவிட்டது. கிணற்றுக் கப்பி கிறீச்சிடாமல் இருக்க, எங்கள் தலைக்குப் பூசுவதிலும் கூடத் தேங்காயெண்ணெய் போனது. யன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார், இருட்டுக்கு இருட்டு, குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி. அப்பாவின் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். நாங்கள், நானும் அண்ணையும், சத்தம் வரும் தகரக் கோப்பையில் சாப்பிடக் கூடாது, பாடத்தை வாய்க்குள்ளேதான் படிக்க வேண்டும். அதன் பலனை நான் ரீச்சராகப் போன முதல் நாளே கண்டேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், படிப்பிக்கத் தொடங்கிட்டியளோ?" என்று கேட்டான். பென்சன் எடுக்கும் வரைக்கும் எனக்குக் குசுகுசு ரீச்சர் என்றுதான் பெயர்.

ஆனால் கேளுங்கள், அந்த ஒழுங்கையிலேயே பெரிய சத்தம் அம்மாதான். பொடியள் பந்தடித்தால், ஐஸ்பழக்காரன் மணி அடித்தால், வாசல் படலைக்குப் பாய்ந்து போவார். "எடேய், சத்தம் போடாதேங்கோடா! மனிசன் படுத்திருக்குது!" கோயிலடி வரைக்கும் கேட்கும். "அம்மா, உங்கடை சத்தம்தான் கடலுக்கு அங்காலை மண்டைதீவுக்குக் கேக்குது" என்று அண்ணை சொல்லி, ஈர்க்கு விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஐஸ்பழக்காரன் கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கு வந்ததும் மணியைக் கையால் பொத்திக்கொண்டு சைக்கிள் உருட்டினான். பாவம், எங்களுக்கு எப்படித் தெரியும் ஐஸ்பழம் வந்திருக்கிறதென்று? அம்மா ஏசுகிற ஏச்சைக் கேட்டுத்தான் நாங்கள் காசோடு ஓடினோம்.

ஒரு நாள் அண்ணை பொறுக்கமாட்டாமல், "ஏனம்மா இந்தக் கத்துக் கத்துறியள்?" என்று கேட்டுவிட்டான். அம்மா உரலடியில் அப்படியே குந்திவிட்டார். "என்னைப் பெத்த ஐயா கோயில் பெருநாளண்டு பகல் முழுக்க ஆக்கள் வந்து போக, நித்திரை கொள்ளாமக் கடலுக்குப் போனவர். வள்ளத்திலை கண் அயந்து போச்சுது. விடிய வெறும் வள்ளம்தான் வந்தது." அவ்வளவுதான் சொன்னார். அம்மாவுக்கு அப்போது பத்து வயதும் இராது. அதன் பிறகு அவர் கத்தினால் நாங்கள் சிரிப்பதில்லை.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். வள்ளம் குருநகரில் கிடந்தது. கடலும் இல்லை, தொழிலும் இல்லை, பகலில் படுக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் மத்தியானமானால் அம்மா ஒரு சீலையைக் கட்டி மறைத்து அப்பாவைப் படுக்க வைப்பார். பிறகு கத்தத் தொடங்குவார். "உவவின்ரை மனிசன் மட்டுந்தானோ மனிசன்?" என்று பக்கத்துப் பாய்க்காரி முணுமுணுப்பாள். குழந்தை அழும், சட்டி பானை உருளும், அதற்கு மேலாலே அம்மாவின் தொண்டை. அதற்குள்ளே அப்பா குறட்டை விடுவார்! இந்த மனிதருக்குச் செவிடோ என்றுகூட நினைத்தேன்.

சரி, இப்போதைய கதைக்கு வாறேன். அம்மா செய்ததையெல்லாம் நானும் செய்து பார்த்துவிட்டேன். யன்னலுக்குத் தடித்த சீலை, காலுக்கு நல்லெண்ணெய். கறகறவென்ற பழைய ஃபானைக் கழற்றிப் புதிது பூட்டினேன். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோக்காரத் தம்பியிடம் போய்க் கெஞ்சினேன், எங்கள் ஒழுங்கையில் அவன் பாட்டை நிற்பாட்டிவிடுகிறான். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்பா முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறார். அரைக் குளிசை முழுக் குளிசையானதும் காலையில் தள்ளாடி விழப் பார்த்தார், அதையும் விட்டாயிற்று.

போன கிழமை பக்கத்தில் இருந்து, "என்னப்பா யோசனை?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வீடு சரியான அமைதியாக் கிடக்குது."

"நித்திரைக்கு அதுதானே வேணும்?"

"ஆர் சொன்னது?" என்றார். பிறகு சொன்னார்: "கொம்மா படலையடியிலை நிண்டு கத்துறது கேட்டாத்தான் எனக்குக் கண் மூடும். அவ வெளியிலை நிக்கிறா, எல்லாம் பாத்துக்கொள்ளுவா எண்டு கிடப்பன். இப்ப ஆர் நிக்கினம்?"

"இதை அம்மாவுக்கு ஒரு நாளாவது சொன்னனீங்களோ?"

"உதையெல்லாம் சொல்லுறதே?" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். பாரிசில் இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு நான் படலைக்குப் போனேன். இப்போது அது இரும்புக் கேற். திறந்து வெளியே பார்த்தேன். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. எதிர்வீடு பூட்டு. அடுத்த வீட்டில் ஒரு கிழவனும் கிழவியும் மட்டும், பிள்ளைகள் கனடாவில். மிச்சமிருக்கிற பொடியள் ரியூசனில், அல்லது அறைக்குள் போனோடு. பந்து இல்லை, ஐஸ்பழக்காரன் இல்லை. ஏசுவதற்கு எனக்கு ஒரு ஆள் இல்லை.

ஆனாலும் கத்தினேன். என்ரை இந்தக் குசுகுசுத் தொண்டையால், வெறும் ஒழுங்கையைப் பார்த்து, "எடேய், சத்தம் போடாதேங்கோடா! மனிசன் படுத்திருக்குது!" என்று கத்தினேன். குரல் பாதியில் உடைந்தது. திரும்பவும் கத்தினேன்.

உள்ளே வந்து பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கிட்டப் போனேன். இமை துடித்தபடி இருந்தது. நித்திரை இல்லை, எனக்காக மூடியிருந்தார்.