புலிக்கண் கல்லும் வளைவுச் சாமியும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு வேகும்வரை அடுப்பருகே நிற்கப் பொறுக்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பவள் நான். அப்படிப்பட்டவளின் கண்ணெதிரே ஒரு மனிதர் மாதக்கணக்கில் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பைத்தியம் பிடிக்கும். பிடித்தது. அந்தப் பைத்தியத்தில்தான், ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸான நான், பயத்தைப் போக்கும் என்று சொன்ன ஒரு கல்லை வாங்கினேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என் கணவர். புதூர்நாட்டுக்காரர், ஜீப் ஓட்டுகிறவர். நான் மலைக்குக் கீழே, கணியம்பாடிப் பக்கம். வேலை கிடைத்து நான் மலையேறி வந்த புதிதில் தடுப்பூசிப் பெட்டியையும் என்னையும் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனது அவருடைய ஜீப்தான். பெட்டியைப் பூப்போல இறக்கி வைப்பார். நான் இறங்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அந்தக் கூச்சத்தில்தான் நான் விழுந்தேன். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு பேரனைப் பார்த்ததும் இறக்கிவிட்டார்கள்.

போன மழைக்காலத்தில் சாமை மூட்டைகளும் ஆட்களுமாக அவர் மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் தொங்கியது. ஆட்கள் பின்பக்கமாகக் குதித்துத் தப்பித்தார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை பிரேக்கை மிதித்தபடி அவர் மட்டும் உள்ளேயே இருந்திருக்கிறார். யாருக்கும் பெரிய அடி இல்லை. சாமி காப்பாற்றியது என்று ஊரே சொன்னது. அவரும் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து சாவியைக் கையில் எடுத்தாலே அவருடைய வலது கால் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும்.

வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து பலாமரத்தடியில் விட்டார்கள். கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. இவரோ காலையில் கட்டில், மத்தியானம் கட்டில், சாயங்காலம் வேலியோரம் நின்று மற்றவர்களின் வண்டிச் சத்தத்தைக் கேட்பது. "இது எவன் வண்டி தெரியுமா? செகண்ட் கியர்ல தேய்க்கிறான் பாரு" என்பார். அந்த ஒரு நிமிஷம் முகத்தில் உயிர் வரும், வண்டி தூரம் போனதும் அதுவும் போய்விடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். வேலூருக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினேன். காலில் ஒன்றுமில்லை, மனசு விட்டுப் பேசட்டும் என்றார்கள். பேசுவதற்கென்று இருந்த அறையில் இவர் சுவரில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கடைசியில் வண்டியை விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். செங்கத்தில் ஒரு ஆள் கேட்டிருந்தார். வண்டி போனால் இந்த மனிதர் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் என்னோடு நர்ஸிங் படித்தவள் போன் செய்தாள். அவள் வேலையை விட்டுவிட்டு, கல் வைத்தியம் பழகி, வீடியோ காலிலேயே ஆட்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கிண்டல் செய்வது வழக்கம். அன்று செய்யவில்லை.

"பயமெல்லாம் வயித்துலதான்டி குந்திக்கினு இருக்குது. தொப்புளுக்கு மேல, மணிபூரகச் சக்கரம். அதுக்குப் புலிக்கண்ணு கல்லுதான். வண்டி ஓட்டுறவங்களுக்குன்னே இருக்குற கல்லு. அனுப்பி வைக்கட்டா?"

"கல்லு இன்னாடி பண்ணும்?"

"நீ சொல்றத கேக்கும். உன் வூட்டுக்காரர் கேக்குறாரா?"

அன்றே அவளுக்கு முகவரியை அனுப்பிவைத்தேன்.

கல் வந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்புக்குள் பொன்னிறக் கோடு, திருப்பினால் அந்தக் கோடு நகரும். உண்மையிலேயே ஏதோ பார்ப்பதுபோல்தான் இருந்தது. ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும், பிறகு அதன் வேலை என்னவென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். ஓடையில் கழுவி, துணி துவைக்கிற பாறைமேல் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவர் வண்டி ஓட்டணும்" என்றேன். மாத்திரையை வேளைக்கு முழுங்காதவர்களை விரட்டுகிற அதே குரல்தான் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் சொன்னேன்.

அவரிடம் கொடுத்தபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அன்று முழுக்கக் கையைத் திறக்கவில்லை. மறுநாள் ஜீப்பிலிருந்து கோழிகளை விரட்டினார். அதற்கடுத்த நாள் வண்டியை ஸ்டார்ட் செய்து, மரத்தடியிலேயே உறும விட்டு அணைத்தார். கால் ஆடவில்லை. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. விற்கும் பேச்சையும் விடவில்லை.

செங்கத்துக்காரர் வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்ன நாளும் வந்தது. ஓட்டிப்போவதாகச் சொன்ன வேறொரு டிரைவர் வரவில்லை. எனக்கு நிலை கொள்ளவில்லை.

"இன்னாங்க, மலை இறங்குற எடம் வரைக்குமாவது ஓட்டுங்க. அங்க வேற யாரையாவது புடிச்சிக்கலாம். கல்லு இருக்குதில்ல?"

அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஏறினார். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கல்லை வலது உள்ளங்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே வைத்து அழுத்தியபடி ஓட்டினார். மெதுவாகத்தான், ஆனால் நன்றாக ஓட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை வாயைத் திறந்து கெடுத்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் வலது பக்கம் வளைவுச் சாமி இருக்கிறது. சாமி என்றால் ஒரு நட்டுவைத்த கல், அதைச் சுற்றி ஒரு கற்குவியல். மலை இறங்கும் ஒவ்வொரு வண்டிக்காரரும் அந்தக் குவியலில் ஒரு கல் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். இதற்காகவே டிரைவர்கள் எல்லோரும் வண்டியில் கூழாங்கற்கள் வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்தக்கூட மாட்டார்கள், வேகத்தைக் குறைத்து வலது கையால் வீசிவிட்டுப் போவார்கள். அன்று அவரும் வேகத்தைக் குறைத்தார். வலது கை வெளியே போனது. வீசியது.

ஒரு விநாடி கழித்துத்தான் இருவருக்கும் விளங்கியது. அவர் பிரேக்கை மிதித்தார்.

நான் குதித்து ஓடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை கரட்டுக் கற்களுக்கு நடுவே அது மட்டும் பளபளவென்று கிடந்தது. எடுத்துவிட்டேன்.

"வை! எடுத்த எடத்துலயே வை!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"இது சாமி கல்லு இல்லீங்க. கூரியர்ல வந்த கல்லு!"

"கையவிட்டுப் போய்டிச்சில்ல? இனிமே அதோடது. வச்சிட்டு வா."

வாதாட நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல்லைத் திரும்ப வைத்தேன். பக்கத்தில் போய் நின்றபோது அவருடைய வலது கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வுடுங்க. வூட்டுக்கே திரும்பிடலாம்" என்றேன்.

"திரும்பக் கூடாது."

"இன்னா?"

"கல்லு போட்டா எறங்கணும். போட்டுட்டுத் திரும்புனவன் யாருமில்ல." தொடையைக் கையால் அழுத்திப் பிடித்தார். "ஏறு."

ஏறினேன். அவர் வண்டியை இறக்கத்தில் விட்டார். முதல் வளைவு, அடுத்த வளைவு. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பிறகு உடைந்த சுவர் வந்தது. விபத்துக்குப் பிறகு பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. அன்றுதான் பார்த்தேன். சுவர் இல்லாத இடத்தில் ஒன்றுமே இல்லை. கீழே வெகு ஆழத்தில் மரங்களின் தலைகள். இதற்கு மேலேதான் இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். இங்கேதான் நான் இவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். என் வயிற்றில் ஏதோ வந்து குந்தியது. தொப்புளுக்குச் சற்று மேலே, அவள் சொன்ன அதே இடத்தில்.

அவர் வளைவைத் திருப்பி, கியரை மாற்றி, "பாத்தியா, புடிக்குது" என்றார். பிரேக்கைச் சொன்னார்.

மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டே செங்கத்துக்காரருக்குப் போன் செய்து வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். திரும்பி மேலே ஏறும்போது வழியில் நின்ற ஆட்களை ஏற்றிக்கொண்டார். அவர்கள் பேச, இவர் சிரித்தார். நான் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

இப்போது தினமும் ஓட்டுகிறார். கல் வேலை செய்ததா, சாமி செய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கட்டில் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருக்க வேண்டும். மழை தூறினால் வாசலுக்கு ஓடுகிறேன். வேலியோரம் நின்று வண்டிச் சத்தங்களைக் கேட்கிறேன். எது அவருடையது என்று எனக்கும் இப்போது தெரிகிறது.

போன மாதம் தோழிக்குப் போன் செய்து இன்னொரு புலிக்கண் கல் கேட்டேன்.

"அதான் அவருக்குச் சரியாப் போச்சே, இன்னும் யாருக்குடி?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவரோடு மலையிறங்கும் நாட்களில், வளைவில் அவர் கூழாங்கல்லை வீசுகிறார். நான் என் கல்லைக் கைக்குள் வைத்து மூடி, முந்தானையில் சுற்றிக்கொள்கிறேன்.